செத்த பற்றரியின் கடைசி வோல்ற்

ஒரு பற்றரி செத்துப்போச்சு என்று எப்போது சொல்கிறோம்? டோர்ச் மங்கும், மணிக்கூடு நிற்கும், கழற்றி எறிவோம். எறிந்ததை எடுத்து மல்ரிமீற்றரில் அளந்து பாருங்கள். புதிதில் 1.5 வோல்ற் இருந்தது பெரும்பாலும் 1 வோல்ற் அளவில் நிற்கும். உள்ளே இன்னும் கொஞ்சம் சக்தி இருக்கிறது, அதை எடுக்க அந்தக் கருவியால் முடியவில்லை, அவ்வளவுதான். இப்படிக் குறைந்த வோல்ற்றை உயர்த்தி வேலை வாங்க மனிதர்கள் பட்ட பாடு கிட்டத்தட்ட 190 வருடக் கதை.

பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒருக்கா நினைவுபடுத்துவோம். ஆடலோட்டத்தின் அழுத்தத்தைக் கூட்ட ஒரு நிலைமாற்றி போதும். ஆனால் பற்றரி தருவது நேரோட்டம். அதை நிலைமாற்றிக்குக் கொடுத்தால் சுருள் சூடாகும், மறுபக்கம் ஒன்றும் வராது. 1831இல் பரடே கண்டது இதைத்தான்: பற்றரியை இணைக்கும் கணத்திலும் கழற்றும் கணத்திலும் மட்டுமே இரண்டாவது சுருளில் ஓட்டம் துடித்தது. அப்படியென்றால் பற்றரியை வைத்து அழுத்தத்தைக் கூட்ட, ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். யார் வெட்டுவது? மிச்ச வரலாறு முழுக்க இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான்.

அயர்லாந்தின் மேனூத் குருமடத்தில் படிப்பித்த நிக்கொலஸ் கலன் என்ற பாதிரியார் 1836இல் தூண்டல் சுருள் ஒன்றைச் செய்தார். அடுத்த வருடம் மணிக்கூட்டுப் பொறிமுறை ஒன்றைப் பொருத்தி, செக்கனுக்கு 20 தடவை ஓட்டத்தை வெட்ட வைத்தார். உயர் அழுத்தத்தை அளக்க அப்போது மீற்றர் இல்லை. அதனால் மாணவர்களைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, எவ்வளவு துள்ளுகிறார்கள் என்று பார்த்தாராம். பின்னாளில் டப்ளின் பேராயரான வில்லியம் வோல்ஷ் அப்படி மயங்கி விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. பற்றரியில் இருப்பது சில வோல்ற்தானே என்று சுருளின் மறுபக்கத்தைத் தொட்டுவிடக்கூடாது.

பிறகு, சுருளின் காந்தமே ஒரு இரும்புத் தகட்டை இழுத்துத் தன் ஓட்டத்தைத் தானே வெட்டும் முறை வந்தது. மின்மணி அடிப்பதும் இப்படித்தான். 1930களில் கார் வானொலிகளுக்குள் இந்தத் தகடு ஒரு சின்ன உருளைக்குள் இருந்து இரைந்துகொண்டே, 6 வோல்ற்றை வால்வுகளுக்குத் தேவையான உயர் அழுத்தமாக மாற்ற உதவியது. 1950களில் சோவியத் கிராமங்களில் இன்னொரு கருவி வந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் மேல் வெப்பத்தை மின்னாக்கும் உலோக இணைகளைப் பொருத்தினார்கள். விளக்கின் சூட்டில் வந்த சுமார் 2 வோல்ற்றை அதிரும் தகடு வெட்ட, நிலைமாற்றி உயர்த்த, வால்வு வானொலி பாடியது. வெளிச்சமும் அதே விளக்கில்தான்.

தகடு தேயும், தீயும். 1947இல் பிறந்த ரான்சிஸ்ரருக்கு அசையும் பாகமே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு வாசற்படி இருக்கிறது. சிலிக்கன் ரான்சிஸ்ரர் திறக்க 0.6 வோல்ற் அளவு வேண்டும். பழைய ஜேர்மேனியத்துக்கு 0.2, 0.3 போதும். ரான்சிஸ்ரரைத் தானாகவே திறந்து மூட வைக்கும் வித்தையும் புதிதல்ல. புளொக்கிங் ஒசிலேற்றர் என்ற அந்தச் சுற்று, வால்வு வடிவில் இரண்டாம் உலகப்போர்க்கால ராடர்களிலேயே இருந்தது.

1999 நவம்பரில் பிரித்தானியாவின் ‘எவ்ரிடே பிராக்ரிக்கல் இலெக்ரோனிக்ஸ்’ இதழின் வாசகர் பகுதியில், இசட். கபார்னிக் என்பவர் இதே சுற்றை வைத்து ஒரு வோல்ற்றில் எல்.ஈ.டி எரிய வைக்கும் வழியை எழுதினார். 2002இல் கிளைவ் மிற்செல் அதற்கு ‘ஜூல் திருடன்’ என்று பெயர் வைத்தார். தேவையானவை ஒரு ரான்சிஸ்ரர், ஒரு தடையி, இரண்டு சுற்றுக் கம்பி சுற்றிய ஒரு காந்த வளையம், ஒரு எல்.ஈ.டி. ரான்சிஸ்ரர் திறந்ததும் முதல் சுருளில் ஓட்டம் ஏறுகிறது. அந்த ஏற்றம் இரண்டாவது சுருளில் தூண்டும் அழுத்தம் ரான்சிஸ்ரரை இன்னும் நன்றாகத் திறக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் ஓட்டம் ஏற முடியாமல் நின்றதும் ரான்சிஸ்ரர் பட்டென்று மூடுகிறது. சுருளில் சேர்ந்த சக்தி போக இருக்கும் ஒரே வழி எல்.ஈ.டி. வெள்ளை எல்.ஈ.டி கேட்கும் 3 வோல்ற்றுக்கு அழுத்தம் எழும்பி, அதனூடாகப் பாய்கிறது. செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை இது நடப்பதால் கண்ணுக்குத் தொடர்ந்த வெளிச்சம்.

பாதுகாப்பும் இங்கேதான். எல்.ஈ.டியைக் கழற்றிவிட்டு இயக்கினால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ரான்சிஸ்ரரையே பழுதாக்கலாம். அதனால் வெளிப்பக்கம் ஒரு சீனர் இருவாயி போட்டு எல்லை கட்டுவது நல்லது. இன்னொன்று, இந்தத் திருடனுக்கு நிறுத்தத் தெரியாது. எறியப்போகும் பற்றரி என்றால் பரவாயில்லை. சார்ஜ் போடும் பற்றரியை இப்படி அடிமட்டம் வரை உறிஞ்சினால் அதன் ஆயுள் போகும். லித்தியம் பற்றரியை வெறுமையாக்கி மறுபடி சார்ஜ் போடுவது ஆபத்து.

பற்றரியின் அருமை எங்கட ஆக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரியும் தடைப் பட்டியலில். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட கதையை அம்மா அப்பாவிடம் கேட்டிருப்பீர்கள். ராடருக்குள் இருந்த சுற்று அப்போது அரை நூற்றாண்டுப் பழசு. ஆனால் அது எரிய வைக்கக்கூடிய வெள்ளை எல்.ஈ.டி விற்பனைக்கு வந்ததே 1996இல்தான். அதுவரை ஒரு வோல்ற்றை உயர்த்தினாலும் இரவில் புத்தகம் படிக்கிற வெளிச்சம் கிடைத்திராது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது நிலைமை வேறு. மலிவான சோலர் தோட்ட விளக்குகளுக்குள்ளேயே 1.2 வோல்ற் பற்றரியை எல்.ஈ.டிக்கு உயர்த்தும் சுற்று வந்துவிட்டது.

இப்போது இதே சுற்றைக் காட்டி ‘இலவச மின்சாரம்’ என்று வீடியோ போடுகிறார்கள். நம்பாதீங்கோ. 1 வோல்ற்றில் 100 மில்லி அம்பியர் எடுத்தால் உள்ளே போவது 100 மில்லி வாற். அதில் 75 வெளியே வந்தால் 3 வோல்ற்றில் 25 மில்லி அம்பியர். அழுத்தம் ஏறியது, ஓட்டம் இறங்கியது, 25 மில்லி வாற் சூடாகப் போனது. யாரும் எதையும் களவெடுக்கவில்லை.

இன்று எல்.ரி.சி. 3108 என்ற சிறு சில்லு, 1:100 நிலைமாற்றி ஒன்றின் துணையோடு 0.02 வோல்ற்றிலேயே இயங்கத் தொடங்குகிறது. உள்ளங்கைச் சூட்டிலிருந்து எடுக்கக்கூடிய அளவு அது. ‘இனி உதவாது’ என்று எறியும் எல்லை ஒவ்வொரு முறையும் இப்படிக் கீழே இறங்கியிருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய பற்றரிகளை எறிய முதல் ஒருக்கா அளந்து பாருங்கோ.