ஒருவருக்கு எத்தனை அணி? – மலாயாக் கிண்ணத்தின் வழியே ஒரு பார்வை



ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் அண்மையில் ஒரு வழக்கை என் மேசைக்குக் கொண்டு வந்தனர். ஒருவன் லிவர்பூல் ரசிகன். மற்றவனோ நெகிரி செம்பிலானும் தன் அணி, மென்செஸ்டர் யுனைடெட்டும் தன் அணி என்கிறான். "இரண்டு அணி வைத்துக்கொள்ளலாமா சார்? அது ஏமாற்று வேலைதானே?" என்பது முதலாமவனின் முறையீடு. மணி அடித்துவிட்டதால் அன்று தப்பித்தேன். எனினும், இந்நாட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைக்கும் என்றே தோன்றுகிறது.

'ஒருவனுக்கு ஓர் அணி' என்னும் விதி இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் விளைந்தது. அங்கே அணி என்பது பெரும்பாலும் ஒரு பேட்டையின், ஒரு தொழிற்சாலையின், ஒரு தேவாலயத்தின் பிள்ளை. அந்த விதியை அப்படியே பெயர்த்து வந்து இங்கே நட்டால் வேர் பிடிக்காது. ஏனென்றால் நம் காற்பந்து வேறு விதமாகப் பிறந்தது.

1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'எச்.எம்.எஸ். மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் இங்கு வந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. கப்பலின் வீரர்கள் துறைமுகந்தோறும் இறங்கி உள்ளூர் அணிகளோடு விளையாடினர். கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக, காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்களை வழங்கினர். காற்பந்துக் கிண்ணமே மலாயாக் கிண்ணம். அவ்வாண்டே போட்டி தொடங்கியது. ஆறு அணிகள் பங்கேற்றன. இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 எனச் சிலாங்கூரை வென்றது.

அந்த ஆறனுள் ஒன்று நெகிரி செம்பிலானும் மலாக்காவும் சேர்ந்து அமைத்த கூட்டணி. நான் சிரம்பான்காரன். என் மாநிலத்தின் பெயர் இக்கிண்ண வரலாற்றில் முதன்முதலில் வருவதே இன்னொரு பெயரோடு ஒட்டிக்கொண்டுதான். தோட்டத்து ரசிகனுக்கு அக்காலத்திலேயே இரண்டு மூன்று அடுக்குகள் இருந்தன: தோட்டத்து அணி, மாவட்ட அணி, அதற்கு மேல் மாநில அணி. அவை ஒன்றோடொன்று மோதியதில்லை. ஆகவே மனத்தில் இடநெருக்கடியும் இல்லை.

1957இல் மெர்டேக்கா போட்டி தொடங்கியபின் மேலே இன்னோர் அடுக்கு சேர்ந்தது; அது நாடு. இங்கேதான் வேடிக்கை. மாநில ஆட்டத்தில் சிலாங்கூரின் மொக்தார் டஹாரி பந்தைத் தொட்டாலே கூச்சலிட்ட பினாங்கு ரசிகன், மெர்டேக்கா அரங்கில் அதே மொக்தார் நாட்டுக்காக ஓடும்போது தொண்டை வறளக் கத்தினான். பினாங்கின் சுக்கோர் சாலேயைச் சிலாங்கூர்க்காரன் பாராட்டியதும் அவ்வாறே. நம்மவர்களுக்கோ மற்றுமொரு கணக்கு இருந்தது. 'சிலந்தி மனிதர்' எனப் புகழ்பெற்ற கோல் காவலர் ஆறுமுகம் சிலாங்கூர் அணியில் நின்றார். எந்த மாநிலத்துத் தமிழராயினும் அவர் பந்தைப் பிடித்தால் உள்ளூர மகிழ்ந்தனர். என் தந்தையார் நெகிரி செம்பிலான் ரசிகர். ஆனால் நெகிரி செம்பிலானோ 1948இல் ஒருமுறை கிண்ணத்தை வென்றுவிட்டு, மறுமுறை வெல்ல 2009 வரை, அறுபத்தோராண்டுகள், காத்திருக்க வைத்த அணி! ஆகவே இறுதியாட்டம் வரும்போதெல்லாம் அவர் சிலாங்கூர்க்காரராகிவிடுவார். அதே சிலாங்கூர் சிரம்பான் திடலுக்கு வந்தாலோ ஆறுமுகத்தைக்கூட மன்னிக்கமாட்டார். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்த செய்தி வந்தபோது மட்டும் அவர் எந்த மாநிலத்தின் ஆட்டக்காரர் என்று எங்கள் வீட்டில் எவரும் பேசவில்லை.

இந்த அடுக்குமுறையைக் குலைத்த நிகழ்வு 1965இல் நேர்ந்தது. சிங்கப்பூர் தனி நாடாயிற்று. அரசியல் பிரிந்தது, கிண்ணம் பிரியவில்லை. 1967இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறிய போட்டியில், இடையிடையே சில ஆண்டுகள் விலகி நின்றாலும், ஓர் அயல்நாடு ஒரு மாநிலத்தைப் போலத் தொடர்ந்து விளையாடி வந்தது. உலகில் வேறெங்கும் இதுபோல் எளிதில் காணமுடியாது. சிங்கப்பூர் ரசிகனுக்கு மாநிலம் என்ற அடுக்கும் நாடு என்ற அடுக்கும் ஒன்றாகிவிட்டன. 1975 முதல் 1981 வரை நடந்த ஏழு இறுதியாட்டங்களிலும் சிங்கப்பூர் இருந்தது. அவற்றுள் ஆறில் எதிரே நின்றது சிலாங்கூர். சிங்கப்பூர் வென்றது இருமுறைதான்: 1977இல் பினாங்கை 3-2 எனவும், 1980இல் சிலாங்கூரை 2-1 எனவும். ஆயினும் 'காலாங் முழக்கம்' என்று இன்றும் பேசப்படுகிற ஆரவாரம் அந்தத் தோல்விகளுக்கிடையில் வளர்ந்ததே. நம் பக்கத்திலும் அப்படித்தான். பேராக்கையும் ஜொகூரையும் சேர்ந்த பலர் அந்த ஆறு நாள்களிலும் சிலாங்கூரின் பக்கம் நின்றனர். எதிரே நிற்பது மாநிலமா, நாடா என்பது தெளிவாக இல்லாதபோது மனிதன் பெரிய அடுக்கையே தேர்ந்தெடுக்கிறான் போலும்.

1980இல் கிண்ணம் வென்ற சிங்கப்பூர் அணியின் இளைஞர் ஃபாண்டி அகமது, நம் கேள்வியை மேலும் சிக்கலாக்கினார். அவர் நெதர்லாந்தின் குரோனிங்கன் அணிக்குச் சென்று 1983இல் இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் அடித்தபோது, வரைபடத்தில் குரோனிங்கன் எங்கிருக்கிறது என்று தெரியாதவர்களும் அதன் ரசிகராயினர். பின்னர் அவர் கோலாலம்பூர் அணிக்கு வந்தார். அவ்வணி 1987, 1988, 1989 எனத் தொடர்ந்து மூன்று முறை கிண்ணத்தை வென்றது. 1992இல் அவர் பகாங் அணியில். பகாங்குக்கு லீக்கும் கிண்ணமும் கிடைத்தன. 1994இல் சிங்கப்பூருக்குத் தலைவராகத் திரும்பி, அதே பகாங்கை இறுதியாட்டத்தில் 4-0 என வீழ்த்தினார். அவரைத் தொடர்ந்து சென்ற ரசிகனுக்குப் பத்தாண்டில் நான்கு அணிகள்! அவனை நிலையற்றவன் என்று நான் சொல்லமாட்டேன். அவன் ஒரே ஒருவருக்கு உண்மையாக இருந்தான்.

ஷா ஆலமில் நடந்த அந்த இறுதியாட்டத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பேருந்துகளில் வந்தனர். சிங்கப்பூர் 24ஆம் முறையாகக் கிண்ணம் வென்ற அந்த நாளே இக்கிண்ணத்தில் அதன் கடைசி வெற்றியாகவும் ஆனது. நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பங்கிடுவதில் இரு நாட்டுச் சங்கங்களுக்கிடையே எழுந்த பூசலால் சிங்கப்பூர் விலகியது. 1996இல் எட்டுக் கழகங்களுடன் எஸ்.லீக் தொடங்கப்பட்டது. நேற்றுவரை ஒரே குரலில் முழங்கியவர்களிடம், 'இனி உன் வட்டாரக் கழகத்தைப் பிடித்துக்கொள்' என்று சொல்லப்பட்டது. அன்பைச் சுற்றறிக்கையால் இடமாற்றம் செய்ய முடியுமா? தொலைக்காட்சியில் இங்கிலாந்து லீக் வாரந்தோறும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. காலியான இடத்தை அது நிரப்பிற்று. கரையின் இப்புறத்தில் நமக்கும் நேர்ந்தது அதுவே. 1990களின் நடுவில் வெளிப்பட்ட சூதாட்ட ஊழல் நம் அரங்குகளை மேலும் வெறுமையாக்கியது.

ஆக, இன்றைய பிள்ளையின் இரண்டாம் அணி ஐரோப்பாவில் இருக்கிறது. இதில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. 1975இல் ஆர்சனல் அணி கோலாலம்பூர் வந்து 2-0 எனத் தோற்றது. இரு கோல்களையும் அடித்தவர் மொக்தார். அன்று ஆர்சனல் வெறும் விருந்தாளி. 2009 ஜூலையில் மென்செஸ்டர் யுனைடெட் புக்கிட் ஜாலிலுக்கு வந்தபோதோ அரங்கமெங்கும் விருந்தாளியின் சிவப்புச் சட்டை. மலேசியா 3-2 எனத் தோற்ற அந்த ஆட்டத்தில் சிலாங்கூரின் அம்ரி யஹ்யா இரண்டு கோல் அடித்தார். தொலைக்காட்சியில் நான் பார்த்தவரையில், சிவப்புச் சட்டைக்காரர்களும் எழுந்து கைதட்டினர். அதைக் கண்டபின் என் மனக்குறை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி, அவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரம் அம்ரியைச் சிலாங்கூர் சட்டையில் காணச் சென்றிருப்பார்கள் என்பதில் இருக்கிறது.

எனவே நெகிரி செம்பிலானும் மென்செஸ்டர் யுனைடெட்டும் தன் அணிகள் என்ற மாணவனைக் குற்றமற்றவன் என்று விடுவிக்கிறேன். அவை வெவ்வேறு அடுக்கில் உள்ளவை. ஆனால் ஒரே லீக்கில் லிவர்பூலும் என் அணி, மென்செஸ்டர் யுனைடெட்டும் என் அணி என்று ஒருவன் வந்தால் அவ்வழக்கை ஏற்கமாட்டேன். வெற்றி பெறுபவன் வீட்டுக்கு விருந்துண்ணச் செல்பவன் உறவினனல்லன். கடினமான வழக்கு வேறொன்று. 2015இல் ஜொகூர் டாருல் தாக்சிம் அணி ஆசியக் கிண்ணமான ஏ.எஃப்.சி. கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானின் இஸ்திக்லோலை 1-0 என வென்றது. உள்நாட்டில் எல்லாரையும் அடித்து நொறுக்கும் ஜொகூருக்கு அன்றிரவு நம் மாநிலத்தார் கைதட்ட வேண்டுமா? ஆசிரியர் அறையில் இது குறித்து இரண்டு நாள் பேச்சு நடந்தது. நான் தட்டினேன். பக்கத்து மேசைக்காரர் இன்றும் தட்டவில்லை.

சிங்கப்பூரும் ஒருமுறை திரும்பி வந்தது. 'லயன்ஸ் டுவெல்வ்' என்ற பெயரில் 2012இல் மலேசிய லீக்கில் சேர்ந்து, வி. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் 2013இல் லீக்கையும், ஃபாண்டியின் பயிற்சியில் 2015இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்று, அவ்வாண்டோடு மீண்டும் விலகியது. சிலாங்கூர் தன் 33ஆம் மலேசியக் கிண்ணத்தை வென்றதும் அதே 2015இல்தான். இடையில், 2001இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் சுல்தான் கிண்ணம் என்னும் நட்பாட்டம், பழைய இரு பகையாளிகளையும் ஒரே திடலில் நிறுத்தி வந்திருக்கிறது. அதற்குப் பேருந்து ஏறி வருகிற சிங்கப்பூர்ப் பெரியவர்களுள் சிலர், எங்கள் ஆறுமுகத்தைப் பற்றி எங்களைவிட நன்றாகவே பேசுவார்கள்.