ஆறும் ஒரு கறுத்தக் கல்லும்

மார்கழிக் கடைசியில் மொன்றியலில் சூரியன் எழும்ப ஏழரை ஆகும். ஆகவே உதயத்தைப் படம் எடுக்க நடுச்சாமத்தில் எழும்பத் தேவையில்லை. ஆறரைக்கு மெற்றோ பிடித்தால் போதும். "இந்தக் குளிருக்குள்ள விடிய வெள்ளெனப் போய் ஆத்தைப் படம் எடுக்கிறது என்ன விசர் வேலை?" என்று மனுசி போர்வைக்குள் இருந்தபடியே கேட்டாள். அவளுக்கு அப்போது பதில் சொல்லவில்லை. இதைப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தானுக்கு ஆறு என்பதே புதினம். மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றைத்தான் நாங்கள் ஆறு என்று சொல்லி வளர்ந்தோம். சென் லோரன்ஸ் நதியை முதன்முதல் பார்த்தபோது கடல் என்றே நினைத்தேன். அதற்குமேல் அது பனிக்கட்டியாகவும் மாறும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பழைய துறைமுகத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் போய் நின்றேன். சுழியத்துக்குக் கீழே 24 பாகை. காற்றைவிட ஆற்றுத் தண்ணீர் சூடு என்பதால் ஆறு உலைபோல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இந்த ஊர்ச் சனம் ஆற்றுப் பக்கத்தைத் தெற்கு என்று சொல்லும். அவர்களுடைய கணக்கில் மாரிகாலத்தில் சூரியன் தெற்கில் உதிக்கிறது! தீவுகளுக்கு அப்பால் சென் லம்பேர் பக்கமாக முதலில் ஊதா, பிறகு செம்மஞ்சள். குளிருக்குக் கமராப் பற்றறி பத்து நிமிடத்தில் செத்துவிடும். மற்றதைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்தேன். பற்றறிக்குத் தடை போட்ட காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்களுக்கு இதெல்லாம் பெரிய வேலையில்லை.

இந்த ஆற்றை மாரியில் படம் எடுத்தவர்களில் பெரிய பெயர் வில்லியம் நொட்மன். 1826இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். அங்கே குடும்பத்தின் துணி வியாபாரம் நொடித்துப்போய், பிரச்சினையோடு 1856இல் மொன்றியலுக்கு ஓடிவந்தவர். ஊரை விட்டு ஓடிவருகிறவர்கள் எல்லாரும் நல்ல காரணத்தோடுதான் வருகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வந்து இரண்டு வருடத்தில் விக்ரோறியாப் பாலம் கட்டுவதைப் படம் எடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்த நாளில் கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காய முன்னம் படம் எடுத்து, உடனேயே கழுவ வேண்டும். மாரிகாலத்தில், ஆற்றங்கரையில்! ஸ்ரூடியோவுக்குள்ளேயே பனிக்காலத்தை உருவாக்குவதிலும் மனிசன் கெட்டிக்காரன். உப்பைக் கொட்டிப் பனி என்றும், துத்தநாகத் தகட்டை மினுக்கி ஐஸ் என்றும் காட்டினார்.

மூன்று கிலோமீற்றருக்குக் கிட்ட நீளமான பாலம், 24 தூண்கள். உடைந்து வரும் பனிக்கட்டிகளைப் பிளப்பதற்காகத் தூண்களின் மேல்நீர்ப் பக்கத்தைக் கோடரி வாய்போலச் சரித்துக் கட்டினார்கள். 1860 ஆவணி 25இல் வேல்ஸ் இளவரசர் வந்து திறந்து வைத்தார். பாலம் இருந்தும், 1880 மாரியில் ஓஷலாகாவிலிருந்து லொங்கேய்க்கு ஐஸுக்கு மேலேயே தண்டவாளம் போட்டு ரயில் விட்டார்கள். அடுத்த மாரியில் ஒரு எஞ்சின் ஐஸை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது. பிறகும் விட்டார்கள்.

அந்த உறைந்த ஆறு இன்று இல்லை. 1964 தொடக்கம் ஐஸ் உடைக்கும் கப்பல்களின் துணையோடு மாரி முழுதும் மொன்றியலுக்குக் கப்பல் வருகிறது. வருடத்தின் முதல் கப்பலின் கப்டனுக்குத் தங்கப்பூண் போட்ட கைத்தடி கொடுக்கும் வழக்கம் 1840இல் தொடங்கியது. முன்னர் அது வசந்தகாலத்துக் கொண்டாட்டம், இப்போது தை முதல் கிழமைகளிலேயே கொடுத்துவிடுகிறார்கள். பழைய ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் நொட்மனின் படங்களைத்தான் பார்க்க வேண்டும். அவை மக்கோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அலெக்சாண்டர் ஹென்டர்சனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவரும் ஸ்கொட்லாந்துக்காரர், 1855இல் வந்தவர். பனியையும் ஐஸையும் எடுப்பதில், என் கண்ணுக்கு, நொட்மனைவிட ஒரு படி மேல். 1913இல் செத்துப்போனார். வீட்டு நிலவறையில் கிடந்த அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் பிறகு குப்பைக்குப் போயின. அச்சடித்து ஏற்கெனவே வெளியே போன படங்கள்தான் மிச்சம்.

எங்கள் வீட்டு அல்பம் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. 1995 ஐப்பசி 30 இரவு, மழைக்குள், செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்த லட்சக்கணக்கான சனத்தில் நாங்களும் ஒரு குடும்பம். அம்மா அரிசியையும் உறுதிகளையும் எடுத்தா. அல்பத்தை எடுக்கவில்லை. 'கதவு பூட்டித்தானே இருக்கு' என்றா. அப்பாவின் முகம் இன்று எனக்கு அடையாள அட்டை அளவில் ஒரேயொரு படத்தில்தான் இருக்கிறது. அந்தப் படைநடவடிக்கைக்கு இராணுவம் வைத்த பெயர் ரிவிரெச. சூரியக்கதிர் என்று அர்த்தம்.

சூரியன் மேலே வந்தபிறகு விக்ரோறியாப் பாலத்தடிக்குப் போனேன். நான் போனபோது தெருவின் நடுத்திட்டில், இரண்டு பக்கமும் வாகனங்கள் ஓட, அந்தக் கறுத்தக் கல் பனி மூடி நின்றது. ஆற்றுக்குள்ளிருந்து எடுத்த முப்பது தொன் பாறை. 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்தவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் இந்த இடத்துக் கொட்டகைகளில் காய்ச்சலில் செத்தார்கள். அவர்களைப் பார்க்கப் போய்வந்த நகர மேயர் ஜோன் மில்ஸும் அதே காய்ச்சலில் போனார். பன்னிரண்டு வருடம் கழித்து, பாலம் கட்டிய தொழிலாளர்கள் எலும்புகளைக் கண்டு, அந்த இடம் அழியக்கூடாது என்று இந்தக் கல்லை நிறுத்தினார்கள். கல்லை நிறுத்துவதை நொட்மன் படம் எடுத்திருக்கிறார். பாலத்தைத் தூண் தூணாக எடுத்திருக்கிறார். அந்த ஆறாயிரம் பேருக்குப் படம் இல்லை.

வெயில் கல்லுக்குப் பின்னால் நின்றது. ஐந்தாறு படம் எடுத்தேன், எல்லாம் இருட்டு. வீட்டுக்கு வந்து, ஈரம் பிடிக்காமலிருக்கக் கமராவைப் பொலித்தீன் பையோடு மேசையில் விட்டு, மத்தியானம்தான் திறந்தேன். மனுசி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஆவி பறக்கும் ஆற்றையும் செம்மஞ்சள் வானத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து, கல்லில் நின்றாள்.

"இது ஆற்றை கல்லு?" என்றாள்.

கதிரையை இழுத்து வைத்து, 1847இலிருந்து சொல்லத் தொடங்கினேன்.