இழுப்பு இல்லாத நாளில் ஓர் அழைப்பு: பிரிட்டனின் குடும்ப மருத்துவத்தில் ஆஸ்துமா பரிசோதனை வேரூன்றிய வரலாறு

ஆஸ்துமா உள்ளவர் மருத்துவரைத் தேடிப் போவது பெரும்பாலும் இழுப்பு வந்த பிறகுதான். அவர் நன்றாக இருக்கும் நாளில் கூப்பிட்டு உட்காரவைத்து, இரவில் தூக்கம் வருகிறதா, இன்ஹேலரை எப்படி உறிஞ்சுகிறீர்கள் என்று விசாரிக்கும் வழக்கம் பிரிட்டனில் அரை நூற்றாண்டுக்குள் உருவானது. மருந்துகளும் கருவிகளும் அதற்குத் துணைநின்றன. ஆனால் அதை முன்னே தள்ளியவை சாவுக் கணக்குகளே என்பது என் வாசிப்பு.

முதல் கணக்கு 1960களில் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆஸ்துமா இறப்புகள் திடீரென ஏறின. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு மடங்கு. ஸ்பைசர், டால், ஹீஃப் ஆகியோர் 1968இல் வெளியிட்ட ஆய்வு, அழுத்தக் குப்பி இன்ஹேலர்களின் மிகைப் பயன்பாட்டின்மேல் ஐயத்தைத் திருப்பியது. ஐசோப்ரெனலின் இன்ஹேலர் சில நிமிடங்களில் மூச்சை விடுவித்தது. அந்த நிம்மதியே நோய் முற்றுவதை மறைத்தும் வைத்தது. ஒருவர் எத்தனை முறை உறிஞ்சுகிறார் என்று கேட்க ஆளில்லை.

1972இல் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் வந்தபோது சிகிச்சையின் தர்க்கமே மாறியது. இது இழுப்பை நிறுத்தும் மருந்தன்று, வராமல் காப்பது. தொல்லை எதுவும் இல்லாத நாளிலும் எடுத்தாக வேண்டும். நன்றாக இருக்கும்போது மருந்து எடுக்கச் சொல்பவர், நன்றாக இருக்கும்போதே நோயாளியைப் பார்க்கவும் வேண்டுமல்லவா? பி.எம். ரைட் 1950களில் வடிவமைத்த மூச்சுவேக மானியும், 1970களின் இறுதியில் வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடிய சிறு கருவியாக மாறியது.

1982இல் வெளியான இன்னோர் ஆய்வு, மேற்கு மிட்லண்ட்ஸ், மெர்ஸி பகுதிகளின் ஆஸ்துமா இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. நோயின் கடுமையை நோயாளியும் வீட்டாரும் மருத்துவரும் குறைத்தே மதித்திருந்தார்கள். இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் செவிலியர்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் கிரெட்டா பார்ன்ஸ் 1980களில் தொடங்கிய பயிற்சி மையம், குடும்ப மருத்துவமனைச் செவிலியர்களை ஆஸ்துமாவில் தேர்ந்தவர்களாக்கியது. பத்து நிமிடத்தில் அடுத்தவரைக் கூப்பிட வேண்டிய மருத்துவரால் இயலாததை அவர்கள் செய்தார்கள்: இன்ஹேலரை நோயாளியின் கையில் கொடுத்து, உறிஞ்சிக் காட்டச் சொன்னார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது இந்தப் பகுதிதான்.

குடும்ப மருத்துவர்களுக்கான 1990இன் ஒப்பந்தமும், 1993இல் ஆஸ்துமாவுக்கென ஏற்பட்ட தனிக் கட்டணமும் இப்பணிக்குப் பணம் ஒதுக்கின. 2004இல் அறிமுகமான தர ஊதியத் திட்டம், 15 மாதங்களுக்குள் ஒரு பரிசோதனை என்பதை அளவுகோலாக்கியது. பின்னர் அது 12 மாதமாகச் சுருங்கியது. இரவுத் தூக்கம், பகல் தொல்லை, அன்றாட வேலைக்கு இடையூறு என்ற மூன்று கேள்விகள் பரவலாயின. ஆனாலும் நலமாக உணர்பவர் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வருவது அரிதாகவே இருந்தது. தர ஊதியத் திட்டம் வருவதற்கு முன்பே, 2003இல் ஹிலரி பின்னாக் குழுவினர் 278 பேரிடம் நடத்திய சோதனையில், தொலைபேசி வழியாக 74 விழுக்காட்டினரை விசாரிக்க முடிந்தது. நேரில் வரச் சொன்ன பிரிவில் 48 விழுக்காட்டினரைத்தான் பார்க்க முடிந்தது.

பத்தாண்டுக் காலம் ஊதியம் கொடுத்த பின்னும் ஆஸ்துமா இறப்புகள் பற்றிய 2014இன் தேசிய மீளாய்வு சொன்னது நெஞ்சைச் சுடுகிறது. விரிவாக ஆராயப்பட்ட 195 இறப்புகளில், 43 விழுக்காட்டினருக்கு முந்தைய ஓராண்டில் குடும்ப மருத்துவத்தில் பரிசோதனை நடந்ததற்கான சான்றே இல்லை. மூச்சு முட்டினால் என்ன செய்வது என்ற எழுத்துத் திட்டம் கையில் இருந்தவர்கள் 23 விழுக்காட்டினரே. மருந்துக் கணக்கு கிடைத்த 165 பேரில் 65 பேர், ஓராண்டில் 12க்கும் மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டவர்கள். அந்தச் சீட்டுகள் ஒவ்வொன்றும் மருத்துவமனையின் கணினியிலேயே கிடந்தன.

பரிசோதனை நடந்த இடங்களிலும், கட்டம் நிரப்புவது கவனிப்பாகிவிடாது என்பதை தர ஊதியத் திட்டத்தின் 2020 திருத்தம் ஒப்புக்கொண்டது. நோய்க் கட்டுப்பாட்டோடு, வந்துபோன தாக்குதல்களின் எண்ணிக்கை, இன்ஹேலர் உறிஞ்சும் முறை, எழுத்துத் திட்டம் ஆகியவையும் கட்டாயமாயின. 2014 மீளாய்வின் இன்னொரு பரிந்துரை அதைவிடக் கூர்மையானது: ஓராண்டில் 12க்கு மேல் நிவாரண இன்ஹேலர் வாங்கியவரை, ஆண்டுத் தேதிக்காகக் காத்திராமல் உடனே அழையுங்கள்.