திருகியவர்களும் திருகாதவர்களும்: வானொலியும் சாஸ்திரிய சங்கீதமும்

வானொலி என்பது மக்களுக்குப் பிடித்ததைப் போட வேண்டுமா, அல்லது மக்களுக்கு நல்லது என்று பெரியவர்கள் நினைப்பதைப் போட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு இந்தியா 1952-ஆம் ஆண்டில் ஒரு பதில் சொன்னது. நேயர்கள் வேறொரு பதில் சொன்னார்கள். இரண்டு பதில்களும் மோதிக்கொண்ட அந்த ஐந்து வருடக் கதை, இந்திய ஒலிபரப்பு வரலாற்றிலேயே மிகச் சுவையான பகுதி எனலாம். வழக்கமாக இதை "அமைச்சர் தோற்றார், சினிமாப் பாட்டு ஜெயித்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் கதை அவ்வளவு எளிதல்ல.

சங்கீதத்தோடு பிறந்த வானொலி

சென்னையில் வானொலி தொடங்கியது அரசாங்கத்தால் அல்ல. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 'மதராஸ் மாகாண ரேடியோ கிளப்' உருவாகி அந்த ஆண்டே ஒலிபரப்பையும் ஆரம்பித்தது. பணம் இல்லாமல் 1927-இல் நின்றுபோனது. பிறகு 1930-இல் சென்னை மாநகராட்சி அந்தப் பொறுப்பை ஏற்றது. மாலை நேரத்தில் சங்கீதம் ஒலிபரப்பாகும். கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி மூலம் மக்கள் கேட்பார்கள். வீட்டில் ரேடியோ பெட்டி என்பது அன்றைக்கு வசதி படைத்தவர்களின் சொத்து. காற்று வாங்க வந்தவர்களுக்கோ காசு கொடுக்காமலேயே கச்சேரி கிடைத்தது.

1936-இல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயர் வந்தது. 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு மே மாதம் திருச்சி நிலையமும் திறக்கப்பட்டன. அதுவரை சபாவில் டிக்கெட் வாங்கியோ, கோயில் திருவிழாவில் கூட்டத்தோடு நின்றோ, கல்யாண வீட்டிலோ கேட்ட சங்கீதம், நேரப்படி வீட்டுக்கு வரத் தொடங்கியது.

நேரப்படி வந்ததில் ஒரு சிக்கலும் இருந்தது. நான்கு மணி நேரம் நடக்கும் கச்சேரியை அரை மணிக்கும் ஒரு மணிக்கும் சுருக்க வேண்டியிருந்தது. ஆலாபனை சூடு பிடிக்கும்போதே கடிகாரம் பயமுறுத்தும். சபா ரசிகர்களுக்கு இது குறையாகப்பட்டது. சபாவே இல்லாத ஊர்க்காரர்களுக்கு அந்த அரை மணியே பெரிய விஷயம். ஒரே மாற்றத்தை இரண்டு வகை நேயர்கள் இரண்டு விதமாகப் பார்ப்பது அன்றே ஆரம்பித்துவிட்டது.

ஆர்மோனியத்துக்குத் தடை

நேயர்களைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முதல் பெரிய முடிவு ஆர்மோனியத் தடை. 1940 மார்ச் முதல் ஆல் இந்தியா ரேடியோவில் ஆர்மோனியம் வாசிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நிலையான சுரம்தான். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லவோ, கமகத்தை அசைத்துக் காட்டவோ அதில் முடியாது என்பது காரணம். தில்லி நிலையத்தில் பணியாற்றிய ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் இந்தக் கருத்தை வலியுறுத்தி எழுதியிருந்தார். தாகூருக்கும் ஆர்மோனியம் பிடிக்காது.

காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பஜனை மடத்திலும், நாடகக் கொட்டகையிலும், கவாலி மேடையிலும் கோடிக்கணக்கான மக்களுக்குச் சங்கீதம் என்றாலே ஆர்மோனியம்தான். ரேடியோவில் மட்டும் அது இல்லை. மூன்று தலைமுறையாகக் காதில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வாத்தியம் 'தகுதியற்றது' என்று ஆனது. 1971-இல்தான் இந்தத் தடை தளர்ந்தது. அந்த முப்பத்தோரு வருடமும் ஆர்மோனியம் வெளியே சுகமாக ஒலித்துக்கொண்டுதான் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கேஸ்கரின் கனவு

1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் ஆனார். பத்து வருடம் அந்தப் பதவியில் இருந்தார். பாரிஸில் படித்தவர், இந்துஸ்தானி சங்கீதம் முறையாகக் கற்றவர். அவருடைய கவலை உண்மையானது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த பிறகு ராஜாக்களின் ஆதரவு போய்விட்டது. அரண்மனையை நம்பி வாழ்ந்த வித்வான்கள் இனி எங்கே போவார்கள்? மன்னர் இருந்த இடத்தில் அரசாங்கம் இருக்க வேண்டும், அரண்மனை இருந்த இடத்தில் வானொலி நிலையம் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

அப்படியே செய்யவும் செய்தார். 1952 ஜூலையில் சங்கீத தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. ஒன்றரை மணி நேரக் கச்சேரி, நாடு முழுவதும் உள்ள நிலையங்களில் ஒரே சமயத்தில் அஞ்சல். சனிக்கிழமை இரவு என்றால் தேசிய நிகழ்ச்சி என்று பின்னர் ஆனது. கர்நாடக சங்கீதம் வடக்கே போனது. இந்துஸ்தானி தெற்கே வந்தது. தில்லி நிலையத்தில் ரவிசங்கர் வாத்தியக் குழுவை நடத்தினார். 1954-இல் வானொலி சங்கீத சம்மேளனம் ஆரம்பமானது. சென்னை நிலையத்தில் 1957 முதல் 1960 வரை செம்மங்குடி சீனிவாசய்யர் கர்நாடக இசைப் பிரிவின் தலைமைத் தயாரிப்பாளராக இருந்தார். நிலைய வித்வான்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது.

கூடவே குரல் தேர்வும் வந்தது. பாடுகிறவர் யார் என்று தெரியாமல் நடுவர்கள் கேட்டுத் தரம் பிரிப்பார்கள். சிபாரிசை ஒழிக்க இது நல்ல வழிதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த வடநாட்டுக் கலைஞர்கள் பலர் "எங்களுக்கா பரீட்சை?" என்று கொதித்தார்கள். எதிர்ப்பு பலமாகவே இருந்தது.

ஒரு பாட்டு, பெயர் இல்லாமல்

பிரச்சினை சினிமாப் பாட்டில் வந்தது. மேல்நாட்டு மெட்டுகளைக் கலந்து சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது கேஸ்கரின் கருத்து. அதற்கான நேரத்தை வெகுவாகக் குறைத்தார். எந்தப் பாட்டைப் போடலாம் என்று சலித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்பதால், பாடகர் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றும் உத்தரவு போட்டார்.

படத் தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? பாட்டுகளை ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சில மாதங்களில் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அநேகமாகக் காணாமல் போனது. அந்த இடத்தை நிரப்ப 'மெல்லிசை' என்ற புது வகை உருவாக்கப்பட்டது. கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் வானொலிக்காகவே பாட்டுகள் செய்தார்கள். அவற்றில் நல்ல பாட்டுகளும் உண்டு. ஆனால் மக்கள் கேட்டது இதை அல்லவே!

கடல் தாண்டி ஒரு பதில்

நேயர்கள் ஊர்வலம் போகவில்லை, கொடி பிடிக்கவில்லை. குமிழைத் திருகினார்கள். முள் போய் நின்ற இடம் இலங்கை.

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில் சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி அமைக்கப்பட்டிருந்தது. போர் முடிந்ததும் அது ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. 1950-இல் வர்த்தக சேவை தொடங்கியது. இந்தியா முழுவதும் தெளிவாகக் கேட்கும் நிலையம், விளம்பரம் தரக் காத்திருக்கும் கம்பெனிகள், சொந்த நாட்டு ரேடியோவில் பாட்டு கிடைக்காத நேயர்கள்... வேறென்ன வேண்டும்?

1952 டிசம்பர் 3, புதன்கிழமை. அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' முதல் முறையாக ஒலித்தது. ஒரு பற்பசைக்கான விளம்பர நிகழ்ச்சி அது. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்ததாக சயானி பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பீகாரின் (இன்றைய ஜார்க்கண்டின்) ஜும்ரி தலையா என்ற சிறிய ஊர், பாட்டு கேட்டு எழுதிய கடிதங்களாலேயே நாடறிந்த ஊரானது. தமிழிலும் இதே கதைதான். ரேடியோ சிலோன் தமிழ் வர்த்தக சேவையில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல், பாக் ஜலசந்திக்கு இந்தப் பக்கம் டீக்கடை தோறும் ஒலித்தது. பின்னாட்களில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அந்த வரிசை தொடர்ந்தது.

அந்தக் காலத்தில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ரேடியோ வைத்திருந்த பத்து வீடுகளில் ஒன்பது வீட்டில் ரேடியோ சிலோன் வைத்திருந்தார்களாம். பத்தாவது வீட்டு ரேடியோ ரிப்பேராம்!

1957 அக்டோபரில் அரசாங்கம் இறங்கி வந்தது. சினிமாப் பாட்டுக்கு இடம் தரும் 'விவித் பாரதி' சேவை தொடங்கியது. பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிற்றலையில் ஒலிபரப்பு. விரட்டியவர் வீட்டுக்கே சினிமாப் பாட்டு விருந்தாளியாகத் திரும்பி வந்தது. அப்போதும் அமைச்சர் அதே கேஸ்கர்தான். 1967 நவம்பரில் பம்பாய், பூனா, நாகபுரி நிலையங்களில் விளம்பரமும் சேர்ந்துகொண்டது.

திருகாதவர்கள்

கதை இங்கே முடிந்துவிடுவதாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் குமிழைத் திருகாமல் இருந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சபா என்றால் பட்டணம்தான். மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போகத் திண்டிவனத்தில் இருப்பவருக்கே கஷ்டம். தென்காசியில் இருப்பவருக்குக் கனவு. அவர்களுக்கு வானொலிதான் சபா. காலையில் நிலையம் திறக்கும்போது வரும் மங்கள இசையில் நாதஸ்வரம் கேட்டே ராகங்களைப் பழகியவர்கள் உண்டு. 'இசைப் பயிற்சி' நிகழ்ச்சியைக் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் சுரங்களைக் குறித்துக்கொண்டு பாட்டு கற்றவர்கள் உண்டு. குருவுக்குத் தட்சிணை கொடுக்க வசதி இல்லாத வீட்டிலும், சபா வாசலை மிதிக்கத் தயங்கிய வீட்டிலும் அந்தப் பெட்டி யார், எந்த ஜாதி என்று கேட்காமல் பாடியது. திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடுவதை நேரடி அஞ்சலில் கேட்பது பல வீடுகளில் வருடாந்திரச் சடங்கு போலவே இருந்தது.

இந்த நேயர்கள் பாட்டு கேட்டுக் கடிதம் எழுதவில்லை. "நேயர் விருப்பம்" பட்டியலில் அவர்கள் பெயர் வரவில்லை. எந்தக் கணக்கெடுப்பும் அவர்களால் நிமிரவில்லை. குமிழைத் திருகியவரின் கருத்து உடனே தெரிந்துவிடுகிறது; திருகாமல் அமைதியாகக் கேட்பவரின் கருத்து தெரிவதே இல்லை. கேஸ்கர் செய்த தவறு முதலாமவரை மதிக்காதது. அவருக்குப் பின்னால் வந்த காலம் செய்த தவறு இரண்டாமவரை மறந்தது.

பிறகு நடந்தது

1975-இல் சென்னையில் தொலைக்காட்சி வந்தது. 2001-இல் பெங்களூரில் தனியார் பண்பலை தொடங்கியது. 2003-இல் சென்னைக்கும் வந்தது. தனியார் நிலையங்களில் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். விளம்பரம் எங்கே போகிறதோ அங்கேதான் பாட்டும் போகும். 1952-இல் அமைச்சர் "இதுதான் நல்ல சங்கீதம்" என்று முடிவு செய்தார். இன்று "இதுதான் கேட்பார்கள்" என்று வியாபாரம் முடிவு செய்கிறது. இரண்டிலும் நேயரைக் கேட்டு முடிவு செய்யவில்லை என்பதுதான் ஒற்றுமை.

சாஸ்திரிய சங்கீதம் காணாமல் போய்விடவில்லை. 2016 ஜனவரி 26 அன்று 'ராகம்' என்ற பெயரில் இருபத்துநான்கு மணி நேரச் சாஸ்திரிய இசை ஒலிபரப்பைப் பிரசார் பாரதி தொடங்கியது. பிடித்தவர்கள் நாள் முழுவதும் கேட்கலாம். இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. லாபம் தெரிந்ததே. நஷ்டம் என்ன? செய்திக்கும் வேளாண் நிகழ்ச்சிக்கும் நடுவே, வேறெதற்கோ ரேடியோவைப் போட்டவர் காதில் தற்செயலாக ஒரு தோடி விழும் வாய்ப்பு குறைந்துபோனது. தேடுபவருக்கு எல்லாம் கிடைக்கிறது. தேடத் தெரியாதவருக்கு?

விவித் பாரதியில் 'சங்கீத் சரிதா' என்று ஓர் இந்தி நிகழ்ச்சி இருந்தது. ஒரு ராகத்தை எளிமையாக விளக்குவார்கள். அதே ராகத்தில் அமைந்த சினிமாப் பாட்டையும் போடுவார்கள். வித்வான் பாடியதையும் போடுவார்கள். ஆகாது என்று ஒருகாலத்தில் ஒதுக்கிய சினிமாப் பாட்டே ராகத்தின் வாசலுக்கு ஆளை அழைத்து வந்தது. இந்த வழி 1952-இல் யாருக்காவது தோன்றியிருந்தால் அந்த ஐந்து வருடச் சண்டையே தேவைப்பட்டிருக்காதோ என்னவோ!

நிகழ்ச்சிகளை மாற்றுவது தவறல்ல. காலம் மாறும்போது வானொலியும் மாறத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவதற்கு முன், முள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. நகராமல் நிற்கும் முள்ளுக்குப் பின்னாலும் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேறு சபா இல்லாமலும் இருக்கலாம்.