பாட்டா, படிப்பா? - டெட்ராய்ட் மாணவி ஆலியாவின் கதை



2000-இல் வந்த ‘ரோமியோ மஸ்ட் டை’ படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஜெட் லீயின் சண்டைக்காகத்தான் பார்த்திருப்பீர்கள் என்பதும் தெரியும் :-) அதில் அவருக்கு ஜோடியாக நடித்த பெண் அப்போது அமெரிக்காவே அறிந்த பாடகி. பெயர் ஆலியா. முதல் ஆல்பம் வெளிவந்தபோது அவர் பள்ளி மாணவி. நம்மை மாதிரியே வீட்டுப்பாடம், தேர்வு என்று இருந்தவர். அவருடைய கதையையும், அவரை உருவாக்கிய ஊரின் கதையையும்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஊர். டெட்ராய்ட் என்றால் கார் தொழிற்சாலை என்று படித்திருக்கிறோம். இசை ரசிகர்களுக்கு அது வேறு காரணத்துக்காகப் புனித ஊர். 1959-இல் பெரி கோர்டி என்பவர் அங்கே தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம்தான் மோட்டவுன். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பலர் அதன் கதவைத் தட்டினார்கள். 1961-இல் ஸ்டீவி வொண்டர் ஒப்பந்தமானபோது அவருக்கு வயது 11! அதே ஆண்டு ஒப்பந்தமான ‘சுப்ரீம்ஸ்’ குழுவின் டயானா ராஸ், காஸ் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளி மாணவி.

அந்தக் காலத்தில் நிறுவனமே ஒரு பள்ளிக்கூடம் மாதிரி இயங்கியது. பாடகர்களுக்கு மேடையில் நிற்பது, நடப்பது, பேசுவது வரை சொல்லித்தர மாக்ஸின் பவல் போன்ற ஆசிரியைகளை வைத்திருந்தார்கள். ஆனால் 1972-இல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. கார் தொழிலும் தேய்ந்தது. பாடத் தெரிந்த பிள்ளைகள் மட்டும் ஊரில் மிச்சம்.

1992-இல் டெட்ராய்டில் நுண்கலைக்கும் நிகழ்கலைக்கும் என்றே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி வந்தது. கணக்கு, அறிவியல் எல்லாம் உண்டு. கூடவே இசை, நடனம், நாடகம். இங்கே சேர மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது, திறமையை நேரில் காட்ட வேண்டும். ஆலியா பாடிக் காட்டிச் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்த முதன்மைப் பாடம் எது தெரியுமா? இசை அல்ல, நாடகம்!

ஆலியா டானா ஹாட்டன் 1979 ஜனவரி 16-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், வளர்ந்தது டெட்ராய்டில். 10 வயதில் ‘ஸ்டார் சர்ச்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் பாடித் தோற்றார். 11 வயதில் புகழ்பெற்ற பாடகி கிளாடிஸ் நைட்டோடு லாஸ் வேகாஸ் மேடையில் பாடினார். (கிளாடிஸ் நைட் ஒரு காலத்தில் ஆலியாவின் தாய்மாமா பாரி ஹாங்கர்சனின் மனைவி.) 12 வயதில் அந்த மாமாவின் நிறுவனத்தோடு ஒப்பந்தம்.

இதுவரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இனிமேல்தான் சிக்கல்.

தாய்மாமா இன்னொரு பாடகருக்கும் மேலாளராக இருந்தார். அவர் ஆர். கெல்லி. ஆலியாவின் முதல் ஆல்பத்தின் பாடல்களை எழுதித் தயாரித்தவர் அவரே. 1994 மே மாதம் ஆல்பம் வந்தபோது ஆலியாவுக்கு வயது 15. வயது என்பது வெறும் எண்தான் என்று பொருள் தரும் தலைப்பு. அந்தத் தலைப்புப் பாட்டைப் பாடியது 15 வயதுச் சிறுமி, எழுதியது 27 வயது ஆண். இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் இருவருக்கும் ரகசியமாகத் திருமணம் நடந்தது. சான்றிதழில் ஆலியாவின் வயது 18 என்று பொய்யாக எழுதப்பட்டிருந்தது. டிசம்பரில் ‘வைப்’ என்ற இசைப் பத்திரிகை அந்தச் சான்றிதழையே அச்சிட்டது. 1995-இல் திருமணம் செல்லாது என்று ரத்தானது. ஆனால் கெல்லிக்கு அப்போது எந்தத் தண்டனையும் இல்லை. ஆல்பமோ அமெரிக்காவில் 20 லட்சத்துக்கு மேல் விற்றது.

அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் ஒடிந்து போயிருப்பார்கள். ஆலியா பள்ளியை விடவில்லை. கெல்லியோடு தொழில் உறவு முறிந்தது, நிறுவனமும் மாறியது. அப்போது அதிகம் அறியப்படாத டிம்பலாண்ட், மிஸ்ஸி எலியட் என்ற இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து 1996-இல் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டார். அதுவும் 20 லட்சத்தைத் தாண்டியது. அதன் தாளக்கட்டு அடுத்து வந்த பல ஆண்டுகளின் பாப் இசையையே மாற்றியது என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். 1997-இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது அவருடைய மதிப்பெண் சராசரி 4-க்கு 4.0. அதாவது முழு மதிப்பெண்!

1998-இல் ஆஸ்கார் மேடையில் பாடினார். 2000-இல் ‘டிரை அகெய்ன்’ என்ற பாடல், கடையில் தனி இசைத்தட்டாக விற்காமலேயே, வானொலி ஒலிபரப்பை மட்டும் வைத்து அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்படி நடந்தது அதுவே முதல் முறை. நாடக வகுப்பு சினிமாவுக்கும் வழி திறந்தது.

ஆனால் 2001 ஆகஸ்ட் 25... பஹாமாஸில் ஒரு பாடல் படப்பிடிப்பு முடிந்து திரும்பும்போது, அவர் ஏறிய சிறிய விமானம் கிளம்பியவுடன் விழுந்து நொறுங்கியது. இருந்த 9 பேரும் இறந்தார்கள். அளவுக்கு மீறிய பாரம், அந்த விமானத்தை ஓட்ட அனுமதி இல்லாத விமானி என்று விசாரணையில் தெரியவந்தது. ஆலியாவுக்கு வயது 22.

கெல்லியின் வழக்கு? 2021 செப்டம்பரில்தான் நியூயார்க் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ஆலியாவுக்குப் போலி அடையாள அட்டை வாங்க அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுத்ததும் நிரூபணமான குற்றங்களில் ஒன்று. 2022-இல் 30 ஆண்டு சிறை. திருமணம் நடந்து 27 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு. அதைக் கேட்க ஆலியா இல்லை.

இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். ‘பாட்டா, படிப்பா’ என்று வீட்டில் நடக்கும் சண்டையே தப்பான சண்டை. ஆலியா இரண்டையும் செய்து காட்டிவிட்டார். திறமையும் உழைப்பும் அவரிடம் குறைவாக இல்லை. குறை இருந்தது சுற்றி இருந்த பெரியவர்களிடம். சிறு வயதில் மேடை ஏறும் பிள்ளையைப் பார்த்தால் ‘எவ்வளவு நன்றாகப் பாடுகிறாள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ‘இவள் கூட யார் இருக்கிறார்கள், ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்’ என்றும் கேட்க வேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள், பேசுவோம்.