தொழிற்சாலை முடிக்காத வண்டி

மண்பாதையிலும் தார்ச்சாலையிலும் ஒன்றுபோல ஓடக்கூடியதாகவும், முகப்பு விளக்கு, எண்பலகை முதலிய சட்டத் தேவைகளை நிறைவு செய்து பொதுச்சாலைக்குப் பதிவு பெறத்தக்கதாகவும் அமைந்த மோட்டார் சைக்கிளை வணிக உலகம் ‘டூயல் ஸ்போர்ட்’ என்று அழைக்கிறது. இவ்வகை வண்டிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைச் செய்து விற்ற நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அது தவறன்று, ஆயினும் பாதி உண்மையே. பெரிய பெட்ரோல் டேங்க், எஞ்சினின் அடிவயிற்றைக் கல்லடியிலிருந்து காக்கும் தகடு, பக்கப் பெட்டிகளை மாட்டும் இரும்புச் சட்டம் என்று இன்று விலைப்பட்டியலில் பெருமையோடு அச்சிடப்படும் உறுப்புகள் பலவும், வண்டியை வாங்கியவர்கள் தம் வீட்டுக் கொட்டகைகளிலும் தெருமுனை வெல்டிங் பட்டறைகளிலும் முதலில் செய்து பார்த்தவை. தொழிற்சாலை பாதியில் விட்டதை ஓட்டுநர் முடித்தார். ஓட்டுநர் முடித்ததைப் பார்த்துத் தொழிற்சாலை அடுத்த வண்டியைச் செய்தது.

தொடக்கத்தில் இப்படியொரு தனி வகைக்கே தேவை இருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகின் சாலைகளுள் பெரும்பாலானவை மண்ணும் சரளையுமாகவே கிடந்தமையால், எல்லா மோட்டார் சைக்கிள்களும் மண்பாதை வண்டிகளாகவே இருந்தாக வேண்டியிருந்தது. 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய சர்வதேச ஆறு நாள் சோதனை என்னும் போட்டி இந்த உறுதியை அளந்து பார்ப்பதற்காகவே ஏற்பட்டது. அப்போட்டியில் நிலைபெற்ற விதிகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை: பழுதை ஓட்டுநரே, தாம் சுமந்து செல்லும் கருவிகளைக் கொண்டு நீக்க வேண்டும் என்பது ஒன்று, முக்கிய உறுப்புகளுக்குத் தொடக்கத்திலேயே வண்ணக்குறி இட்டு, இடையில் அவற்றை மாற்றவிடாமல் தடுத்தது மற்றொன்று. வேகத்தை மட்டுமன்றி வண்டியைப் பேணும் கைத்திறனையும் போட்டியின் பகுதியாக ஆக்கிய இவ்விதிகள், பின்னாளில் நெடுந்தொலைவுப் பயணிகளிடம் ஊறிப்போன மனப்பாங்குக்கு முன்னோடி எனலாம். இப்போட்டியில் பெற்ற வெற்றியின் நினைவாகவே பிரிட்டனின் டிரையம்ஃப் நிறுவனம் தன் மண்பாதை வண்டிக்கு ‘டிரோஃபி’ என்று பெயரிட்டது.

சாலைகள் தார் பூசப்பட்டபின், 1950களில், தார்ச்சாலைக்கென்றே செய்யப்பட்ட வண்டியை மீண்டும் மண்ணுக்கு இறக்கும் வேலை தென் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் தொடங்கியது. கனத்த இரட்டை சிலிண்டர் டிரையம்ஃபுகளிலிருந்து வேண்டாத பாரமெல்லாம் கழற்றப்பட்டது. அகன்ற ஹேண்டில்பார் பொருத்தப்பட்டது. கல்லில் இடிபடாதிருக்கப் புகைக்குழாய் மேலே தூக்கி வளைக்கப்பட்டது. எஞ்சினுக்கு அடியில் தகடு அறையப்பட்டது. இவற்றை ‘டெசர்ட் ஸ்லெட்’, அதாவது பாலைவனச் சறுக்குவண்டி என்று அப்பகுதியினர் அழைத்தனர். 1962இல் டேவ் எக்கின்ஸ், பில்லி ராபர்ட்சன் ஆகிய இருவரும் ஹோண்டாவின் 250 சிசி ஸ்க்ராம்ப்ளர் வண்டிகளில் மெக்சிகோவின் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரையிலான பாஹா தீபகற்பத்தின் நீளத்தைக் கடந்தனர். புறப்பட்ட நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் சான்று தந்தவை தந்தி அலுவலக முத்திரைகள். எக்கின்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் 40 மணிக்குச் சற்றுக் குறைவு. 1967இல் தொடங்கிய பாஹா நெடும்பந்தயத்துக்கு வித்திட்டது இப்பயணமே.

கொட்டகைகளில் நடந்துகொண்டிருந்த இந்த வேலையின் வணிக மதிப்பைத் தெளிவாகக் கண்டுகொண்டது ஜப்பானின் யமஹா. 1968இல் அது அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பிய டிடி-1 என்னும் 246 சிசி இரு-வீச்சு (டூ ஸ்ட்ரோக்) வண்டி, வேலைக்குச் சாலையில் ஓட்டிச் சென்று, விடுமுறை நாளில் காட்டுப்பாதையில் இறக்கத்தக்கதாய், எடை குறைந்ததாய், நடுத்தர வருவாயினர் வாங்கத்தக்க விலையில் அமைந்தது. அதனினும் குறிப்பிடத்தக்கது, சிலிண்டர், பிஸ்டன், கார்புரேட்டர் முதலியன அடங்கிய மாற்றுத் தொகுப்பு ஒன்றையும் யமஹாவே விற்றதாகும். அதை வாங்கிப் பொருத்தினால் அதே வண்டி பந்தய வண்டியாகிவிடும். வாங்கியவர் வண்டியைப் பிரித்து மாற்றியமைப்பார் என்பதை ஒரு நிறுவனம் குற்றமாக எண்ணாமல் கணக்கில் எடுத்துக்கொண்டது இங்குதான். ஹோண்டா 1972இல் நான்கு வால்வுகள் கொண்ட நான்கு-வீச்சு எக்ஸ்எல் 250 வண்டியைக் கொணர்ந்தது. எண்ணெய்ப் புகை குறைந்தது, எரிபொருளும் மிஞ்சியது.

ஆனால் நெடும்பயணம் என்னும் எண்ணத்தோடு இவ்வகை வண்டியைப் பிணைத்தது ஆப்பிரிக்கா. பிரான்சின் தியரி சபீன் 1977இல் அபிஜான்–நீஸ் பந்தயத்தின்போது தம் யமஹா எக்ஸ்டி 500 வண்டியுடன் பாலைவனத்தில் வழிதவறி உயிர்பிழைத்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கிய பாரிஸ்–டக்கார் பந்தயம் 1978 டிசம்பர் 26 அன்று 182 வண்டிகளுடன் புறப்பட்டது. ஏறத்தாழ 10,000 கி.மீ. தொலைவு கொண்ட அப்பந்தயத்தில் வென்ற சிரில் நெவூ ஓட்டியதும் எக்ஸ்டி 500தான். இந்த வண்டி 499 சிசி ஒற்றை சிலிண்டர் கொண்டது. மின்விசையால் கிளம்பாது, காலால் உதைத்தே கிளப்ப வேண்டும். கிளப்புவதற்கென்று ஒரு முறையும் இருந்தது: சிலிண்டர் தலையிலுள்ள சிறு கண்ணாடித் துளைவழியே பார்த்து, அழுத்தம் நீக்கும் நெம்புகோலைப் பிடித்தபடி பிஸ்டனை உரிய இடத்துக்குக் கொண்டுவந்த பின்னரே உதைக்க வேண்டும், தவறினால் உதைத்த காலையே திருப்பி உதைக்கும். எளிமையே அதன் வலிமை. பெட்ரோல் டேங்க்தான் அதன் குறை. 9 லிட்டர்கூடக் கொள்ளாத டேங்குடன் சகாராவில் எவரும் நெடுந்தூரம் போக முடியாது. ஆகவே பந்தயக்காரர்கள் பெரிய டேங்குகளைப் பொருத்தினர். கூடுதல் எடையைத் தாங்க ஸ்பிரிங்குகளை மாற்றினர். நுண்மணல் எஞ்சினுக்குள் புகாதிருக்க எண்ணெயில் தோய்த்த பஞ்சுநுரை ஏர் ஃபில்டரைத் திரும்பத் திரும்பக் கழுவினர். 1983இல் யமஹா வெளியிட்ட எக்ஸ்டி 600இசட் வண்டிக்குப் பாலைவனத்தின் பெயரே (டெனெரே) சூட்டப்பட்டது; அதன் டேங்க் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஏறத்தாழ 30 லிட்டர் கொண்டது. ஐந்தே ஆண்டுகளில் ஓட்டுநரின் ஒட்டுவேலை விற்பனைக் கவர்ச்சியாக மாறியிருந்தது.

ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவும் இதே வழியில்தான் வந்தது. அந்நிறுவனத்தின் சோதனைப் பொறியாளர் லாஸ்லோ பெரெஸ் தாம் போட்டியில் ஓட்டுவதற்காகச் செய்த எடை குறைந்த ‘பாக்ஸர்’ (இரு சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் எஞ்சின்) வண்டி, 1980இல் வெளிவந்த ஆர்80 ஜி/எஸ் வண்டிக்கு வழிகாட்டியது. பெயரிலுள்ள இரு எழுத்துகளும் ஜெர்மன் மொழியில் கரடுநிலத்தையும் சாலையையும் குறிப்பவை. அதன் வழித்தோன்றல்கள் இன்று விலையுயர்ந்த சாகச வண்டிகளாக நிற்கின்றன; கைவேலைக்கு அவற்றில் எஞ்சியுள்ள இடம் குறைவு என்பதால் அவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

கைவேலையின் முழு வரலாற்றையும் ஒரே வண்டியில் காண விரும்புவோர் கவாசாகி கேஎல்ஆர் 650 வண்டியைப் பார்ப்பது நலம். 1987இல் வந்த இந்த 651 சிசி, நீர்க்குளிர்ச்சி ஒற்றை சிலிண்டர் வண்டி, 23 லிட்டர் டேங்குடனும் குறைந்த விலையுடனும் 2007 வரை ஏறக்குறைய மாற்றமின்றியே விற்கப்பட்டது. இருபது ஆண்டுகள் மாறாத வண்டி என்பது உரிமையாளர்களுக்கு மாறாத பாடநூல்; அதன் பிழைகள் ஒவ்வொன்றும் கண்டறியப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் திருத்தமும் வகுக்கப்பட்டது. பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வைத் தணிக்க அதனுள் எதிரெடைத் தண்டுகள் சுழல்கின்றன. அவற்றை இயக்கும் செயின் தேய்ந்து தளரும்போது, அதை இறுக்க ஒரு சிறு நெம்புகோலும் ஸ்பிரிங்கும் உள்ளன. வெளியிலுள்ள போல்ட் ஒன்றைத் தளர்த்தினால் ஸ்பிரிங் இழுத்து நெம்புகோலை நகர்த்தும், பிறகு போல்ட்டை இறுக்கிவிடலாம் என்பது வடிவமைப்பாளரின் கணக்கு. நடந்ததோ வேறு: இரு துண்டுகளை இணைத்துச் செய்த நெம்புகோல் விரிசல் விட்டது, ஸ்பிரிங்கோ போதிய இழுவிசையை இழந்தது அல்லது அறுந்து எஞ்சினுக்குள்ளேயே விழுந்தது. ஒரே எஃகுத் துண்டில் கடைந்தெடுத்த மாற்று நெம்புகோலைச் சிறு பட்டறைகள் செய்து விற்றன. பெயர் வாய்க்கு வராத பொருளை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘டூஹிக்கி’ என்ற சொல்லே அதற்குப் பெயராக நிலைத்துவிட்டது. நம்மூர் மெக்கானிக் ‘அந்தச் சாமான்’ என்பதைப் போன்றது அது. 2008இல் வண்டியைத் திருத்தி வெளியிட்டபோது கவாசாகியும் அந்த நெம்புகோலை மாற்றியது. ஸ்பிரிங்கைப் பற்றிய குறை அதன் பின்னும் தீரவில்லை.

இன்னொரு திருத்தம் செலவில் மிகச் சிறியது. கார்புரேட்டருக்குள் காற்றழுத்தம் சமமாக இருக்க அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கீழ்நோக்கித் தொங்குகிறது. ஆற்றைக் கடக்கும்போது அதன் நுனி நீரில் அமிழ்ந்தால், காற்று போக வழியின்றி எஞ்சின் நடு ஆற்றில் நின்றுவிடும். டி வடிவ பிளாஸ்டிக் இணைப்பு ஒன்றைச் செருகி, அதிலிருந்து மற்றொரு குழாயை மேலே இருக்கைக்கு அடியில் கொண்டுபோய் விட்டால் தீர்ந்தது. பின்சட்டத்தைத் தாங்கும் மேற்புற போல்ட்டுகள் பயணச் சுமையில் ஒடிந்தமையால் அவற்றினும் தடித்தவை இடப்பட்டன. பிளாஸ்டிக் பால் கூடையைப் பின்னால் கட்டிக்கொள்வது அவ்வண்டியின் அடையாளமாகவே ஆயிற்று. அமெரிக்க மரைன் படையினரும் இவ்வண்டியைத் தம் தேவைக்கு மாற்றிக்கொண்டனர்: படையின் பிற ஊர்திகள் குடிக்கும் எரிபொருளையே இதுவும் குடிக்க வேண்டும் என்பதற்காக அதன் எஞ்சின் டீசலாக மாற்றியமைக்கப்பட்டது.

1996இல் உருப்பெற்ற சுசூகி டிஆர் 650 வண்டியின் கதையும் இதற்கு நெருங்கியதே. கியர் நியூட்ரலில் இருப்பதை அறிவிக்கும் சிறு மின்கருவியின் திருகுகள் அதிர்வில் கழன்று எஞ்சினுக்குள் விழக்கூடியவை என்பதால், அவற்றின் தலையில் துளையிட்டுக் கம்பியால் பிணைப்பது முதல் வேலையாகக் கருதப்பட்டது. இரண்டாவது வேலை, முன் ஸ்பிராக்கெட்டை 15 பல்லிலிருந்து 14 பல்லுக்குக் குறைப்பது. பல் ஒன்று குறைந்தால் உச்சவேகம் சற்றுத் தணிந்து, ஏற்றத்திலும் சேற்றிலும் மெல்ல ஊர்ந்து செல்லும் இழுவை கூடுகிறது. இவ்வண்டியின் வால்வு இடைவெளியை, அதாவது நம் மெக்கானிக்குகள் ‘டேப்பட்’ என்று சொல்வதை, ஒரு ஸ்பானரும் திருப்புளியும் அளவுத்தகடும் கொண்டு வழியோரத்திலேயே சரிசெய்யலாம். கேஎல்ஆரில் அதற்கெனத் தனித்தனித் தடிமனுள்ள வில்லைகளை வாங்கி மாற்ற வேண்டும். நெடும்பயணத்துக்கு எது ஏற்றது என்று கேட்டால், குதிரைத்திறனைவிட இந்த ஒரு வேறுபாட்டுக்கே மதிப்பளிப்பது அறிவுடைமை.

இந்தியாவில் இவ்வரலாறு டூயல் ஸ்போர்ட் அல்லாத ஒரு வண்டியில் தொடங்குகிறது. இந்திய ராணுவம் எல்லைக்காவலுக்கெனத் தேர்ந்த புல்லட் 350, 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவப்பட்டபின் சென்னையின் திருவொற்றியூரில் உருவாயிற்று. 1974இல் லடாக் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்டது. பின்னாளில் மணாலி–லே மலைச்சாலை தனியார் பயணிகளின் வழியானபோது அதில் ஏறியவற்றுள் பெரும்பான்மை புல்லட்டுகளே. அச்சாலையில் தாந்தி என்னுமிடத்துப் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் உள்ளதென்று பலகை நின்றது. ஏற்றத்தில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்போது ஏறத்தாழ 14 லிட்டர் டேங்கை நம்பிப் போக முடியாது. இந்த ஒரு தொலைவிலிருந்தே ‘லடாக் கேரியர்’ பிறந்தது எனலாம்: இருபுறமும் பெட்ரோல் கேன்களும் பைகளும் தாங்குமாறு இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் செய்த சட்டம் அது. உயரமும் ஒரு சிக்கலே. 5,300 மீட்டரை எட்டும் தாங்லாங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலின் பங்கு மிகுந்து எஞ்சின் கரும்புகை கக்கித் திணறும். பெட்ரோலை அளந்துவிடும் துளைத்திருகான ‘ஜெட்’டைச் சிறியதாக மாற்றி அதைச் சமன்செய்தனர். க்ளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் அறுந்தால் மாற்ற நேரம் போகாதிருக்க, பழைய கேபிளின் ஓரமாகவே புதிய கேபிளையும் வழிநெடுகக் கட்டி வைத்துக்கொள்வது பழுத்த ஓட்டுநரின் வழக்கம்.

இவையெல்லாம் சேர்ந்து 2016இல் ஹிமாலயன் என்னும் பெயரில் என்ஃபீல்டின் தொழிற்சாலைக்குள் நுழைந்தன. சென்னைப் பகுதியில் செய்யப்பட்ட அந்த 411 சிசி வண்டிக்கு 21 அங்குல முன்சக்கரமும், 15 லிட்டர் டேங்கும், பெட்ரோல் கேன் மாட்ட டேங்கின் இருபுறமும் குழாய்ச் சட்டமும் பிறவியிலேயே அமைந்தன. அடுத்த ஆண்டே கார்புரேட்டருக்கு மாற்றாக மின்னணு எரிபொருள் செலுத்தம் வந்தது. உயரத்துக்கேற்ப எரிபொருளை அதுவே அளந்துகொள்வதால் ஜெட் மாற்றும் கலை அவ்வண்டிக்குத் தேவையற்றதாயிற்று. சட்டமும் இறுகியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றது. சாலையில் காதைக் கிழிக்கும் சைலன்சர்களைக் கண்டவர்கள் இதைக் குறைகூற மாட்டார்கள். ஆயினும் இவ்வகை வண்டியை வளர்த்தெடுத்தது அத்தகைய மாற்றங்களே என்பதையும் மறுப்பதற்கில்லை.

2023இல் வந்த 452 சிசி ஹிமாலயனில் ஆக்சிலரேட்டர் மின்னணுவால் இயங்குகிறது. புல்லட் ஓட்டுநர் ஓரமாகக் கட்டி எடுத்துச்சென்ற இரண்டு உபரி கேபிள்களுள் க்ளட்ச் கேபிளுக்கு மட்டுமே அந்த வண்டியில் இடமுண்டு.