புகையிலையும் அரிசியும்: கடல் வாணிபமும் தெல்லிப்பழை உழவனும்

தெல்லிப்பழையில் ஆறு இல்லை. சுண்ணக்கற்பாறையினடியில் தேங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து துலாவினால் இறைத்தே இங்குள்ளோர் நெடுங்காலம் தோட்டஞ் செய்தனர். வலிகாமத்தின் செம்மண் நெல்லுக்கன்றிப் புகையிலைக்கே பெரிதும் இசைந்தது. எனவே உழவன் புகையிலையை விற்றான், அரிசியை வாங்கினான். இக்கொடுக்கல் வாங்கலில் அவனுக்குரிய பங்கை நிர்ணயித்தவர் யாவர் என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அவர்களைத் தொடர்ந்து வந்தனர். யானை, சாயவேர், பனைமரம் ஆகியவற்றோடு புகையிலையும் ஒல்லாந்தர் காலத்தில் முக்கிய ஏற்றுமதிப் பொருளாய் விளங்கியது. அது சென்றடைந்த பெருஞ்சந்தை ஐரோப்பாவன்று. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் மலையாள நாடேயாகும். ஆயினும் இடைநின்று வரி கொண்டோர் ஐரோப்பியர். மறுகரையில் திருவிதாங்கூர் அரசும் புகையிலை வாணிபத்தை 1863வரை தன் ஏகபோகமாக வைத்திருந்தது. அதன்பின் இறக்குமதித் தீர்வை விதித்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சந்தை சுருங்கவே, 1930களில் விவசாயிகள் மலையாளப் புகையிலையை விற்பதற்கெனக் கூட்டுறவு அமைத்து ஒன்றுகூடினர்.

அரிசியின் கதையும் இத்தகையதே. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றது. எங்கோ நிகழ்ந்த போர் இங்குள்ள அடுப்பைத் தொட்டது.

இந்நிலை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆபிரிக்காவின் செனகலை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அங்கு விளைந்த நிலக்கடலை பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்கும் சவர்க்கார ஆலைகளுக்கும் சென்றது. அதை விளைவித்த மக்களின் உணவுக்கோ, பிரான்சின் மற்றொரு குடியேற்ற நாடாகிய இந்தோசீனாவிலிருந்து குறுநொய் அரிசி வந்தது. விற்பதும் வாங்குவதும் ஒரே பேரரசின் கப்பல்வழியே நடந்தன. செனகல் 1960இல் விடுதலை பெற்றபோதும் நிலக்கடலையை நம்பிய நிலை எளிதில் மாறவில்லை.

1975இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஆபிரிக்க, கரிபியன், பசுபிக் நாடுகள் 46உடன் லோமே உடன்படிக்கையைச் செய்துகொண்டது. அந்நாடுகளின் பெரும்பாலான பொருள்கள் தீர்வையின்றி ஐரோப்பாவினுள் நுழையலாயின. ஏற்றுமதி வருவாய் வீழ்ந்தால் ஈடுசெய்ய நிதியும் வகுக்கப்பட்டது. இவை மெய்யான சலுகைகளே. ஆயினும் ஐரோப்பிய விவசாயிகளோடு போட்டியிடும் விளைபொருள்களுக்குக் கதவு முழுமையாகத் திறக்கப்படவில்லை.

அதே காலத்தில் எமது செம்மண்ணில் நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. 1970இல் பதவியேற்ற அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள் செழித்தன, கல்வீடுகள் எழுந்தன. ஆனால் அந்நாட்களிலேயே நாட்டு மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றனர் என்பதையும் மறத்தலாகாது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் இறக்குமதிப் பொருள்கள் சந்தையை நிறைத்தன. விவசாயியின் வருவாய் தளர்ந்தது. கட்டுப்பாட்டையும் அவன் கேட்டுப் பெறவில்லை. அதன் நீக்கத்தைக் குறித்தும் அவனிடம் எவரும் கேட்கவில்லை.

ஆகவே கதவை மூடுவதா, திறப்பதா என்று மட்டும் வாதிடுதல் போதாது. கதவின் திறப்பு எவர் கையில் உள்ளது என்பதே அடிப்படை வினா. 1990இன் பின்னர் போர் தெல்லிப்பழைப் பகுதி மக்களைப் பெருந்தொகையாய் இடம்பெயர்த்தது. உயர்பாதுகாப்பு வலயமாய் அடைக்கப்பட்ட காணிகள் 2009இன் பின்னர் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மீண்டு வந்தோர் கிணற்றைத் தூர்வாரிப் பற்றையை வெட்டிப் பயிரிடத் தொடங்கினர். நிலம் மீண்டவனுக்கு, அந்நிலத்தின் விளைபொருளைப் பற்றிய முடிவிலும் பங்கு கிடைத்தாலன்றி, நானூறாண்டுக் கதை மாறியதாகாது.